தோடு அடகுக்குப் போவது தீபாவளியாலா, ஜனவரியாலா?

தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நிற்கிறார், பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் 20,000 ரூபா தருவார்கள், வட்டி இல்லை, மாதம் 2,000 வீதம் பத்து மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியும் தோட்டை அடகு வைக்கிறேன், மீட்க ஜூன் ஜூலை ஆகிறது. இந்த முறை முற்பணமே வாங்காமல் விட்டுவிடட்டுமா?"

வாங்குங்கள் அக்கா. வட்டியில்லாத காசு வேறு யார் தருவார்கள்? உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, நீங்கள் தோட்டை வைப்பது தீபாவளிக்கு அல்லவே, ஜனவரிக்கு.

ஜனவரியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கூடம் புது வருசம் தொடங்கும், கொப்பி, சப்பாத்து, பை என்று வரும். 14, 15ஆம் திகதிக்குள் பொங்கல். அந்த நேரம் பார்த்துத்தான் மேற்குப் பக்க மலைகளில் வெயிலும் பனியும் சேர்ந்து கொழுந்து குறையும், சொன்ன கிலோ வராமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும், சம்பளம் இறங்கும், ஆனால் முற்பணக் கழிவு மட்டும் அதே 2,000. எங்கள் அம்மா அந்த மாதத்துச் சம்பளத் துண்டை லாம்பு வெளிச்சத்தில் இரண்டு தரம் மடித்து விரித்துப் பார்ப்பார், கூட்டல் பிழையாக இருக்குமோ என்று. பிழை ஒன்றும் இருக்காது.

சரி, தோட்டுக் கணக்கு. தனியார் அடகுக் கடையில் 30,000 ரூபாவுக்கு வைத்தீர்கள், நூற்றுக்கு மாதம் 2 ரூபா வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 600, ஆறு மாதத்தில் 3,600. அந்தக் காசுக்கு உங்கள் வீட்டுக்கு ஒரு பொருளும் வரவில்லை. வைத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் வங்கியில் வட்டி விசாரித்துவிட்டு வையுங்கள், அடகுத் துண்டில் மீட்கும் கடைசித் திகதி எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலுக்கு வந்து வாரக் கட்டணத்துக்குக் கொடுக்கும் குழுக்கடன் பக்கமே போகவேண்டாம், அதற்கு அடகு எவ்வளவோ மேல்.

இந்த வருசம் செய்யவேண்டியது ஒன்றுதான். முற்பணம் கைக்கு வந்த அன்றே, கடைத்தெருவுக்கு இறங்குவதற்கு முன், 6,000 ரூபாவை ஜனவரிச் செலவுக்கென்று எடுத்துத் தபாற்கந்தோரில் தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அலுமாரியில் வைத்தால் நிற்காது, எனக்கும் நின்றதில்லை. உங்கள் தீபாவளி 14,000 ரூபாத் தீபாவளி என்றே நினையுங்கள். முழு 30,000 உங்களுக்கு ஜனவரியில் தேவைப்பட்டதா, அல்லது கடைக்காரர் அவ்வளவு தருகிறார் என்பதற்காக வாங்கினீர்களா என்றும் ஒருதரம் யோசியுங்கள். பள்ளிக்கூடத்தில் சப்பாத்து வவுச்சர் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுச் சப்பாத்து வாங்குங்கள்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தோட்டங்களில் வழக்கம்போல் 10ஆம் திகதிதான் சம்பளம் என்றால் பண்டிகை முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் காசு வரும், ஆகவே அக்டோபர் 10 சம்பளம்தான் தீபாவளிக்கு முந்திய கடைசிச் சம்பளம். பிள்ளைகளின் உடுப்பை அந்த வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஹட்டன் கடைவீதியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு விலை பேசவா முடியும்? கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்காது.

பலகாரத்துக்கு லயத்தில் மூன்று வீடு சேர்ந்து ஒரே தாச்சியில் சுடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, மிஞ்சியதைக் கறுக்கக் கறுக்க வைத்திருப்பதைவிட, ஒரு வீட்டில் முறுக்கு, ஒரு வீட்டில் அதிரசம் என்று மாவைப் பிசைந்துகொண்டு வந்தால் எண்ணெயும் விறகும் பாதி. எப்படியும் தட்டு மாறித்தானே போகப் போகிறது. இறைச்சியும் பங்கு சேர்ந்து எடுத்தால் மலிவு.

அப்புறம், கோபிக்காதீர்கள், எனக்கு எழுதி வரும் எந்தத் தீபாவளிச் செலவுக் கணக்கிலும் ஒரு வரி மட்டும் இருப்பதில்லை: சாராயப் போத்தல். வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வரும்போது அவருடைய கூட்டாளிகளும் வருவார்கள், அந்த இரண்டு நாள் செலவு சில வீடுகளில் பிள்ளைகளின் உடுப்பைத் தாண்டிவிடும். வேண்டாம் என்று சொன்னால் சண்டை வரும். "இவ்வளவுதான்" என்று ஒரு தொகையை அவரையே சொல்ல வைத்து, அவர் கையாலேயே உங்கள் செலவுக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த வருசத்துக்குச் சீட்டுச் சேரலாமா என்றால், சேரலாம், பத்துப் பேரும் முகம் தெரிந்தவர்களாக, பிடிப்பவரும் உங்கள் தோட்டத்திலேயே இருப்பவராக இருந்தால். ஆனால் 2,000 ரூபாச் சீட்டும் 2,000 ரூபாக் கழிவும் ஒன்றாக ஓடினால் மாதம் 4,000 போகும், பெப்ரவரியில் மூச்சு முட்டும். 1,000 ரூபாச் சீட்டாகப் பாருங்கள், உங்கள் முறையை டிசம்பருக்குக் கேட்டு வாங்குங்கள்.