பதில்: நெடுந்தொடரில் இயக்கத்தை மட்டும் பிரித்து மதிப்பிடுவது எப்படி?
விருதுக்காக நெடுந்தொடர் எபிசோடுகளுக்கு மதிப்பெண் போடும்போது, நடிப்பு நன்றாக இருந்தால் இயக்கத்துக்கும் மதிப்பெண் கூடிவிடுகிறது என்கிறீர்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். காட்சியில் யார் கை ஓங்குகிறது, எப்போது மாறுகிறது என்பது நடிகர்கள் நிற்கும் இடத்திலும் நகர்விலும் புரிந்தால் அது இயக்குநரின் வேலை. அடுத்து வெட்டுகள். பேசுபவர் முகத்துக்கே கேமரா தாவிக்கொண்டிருந்தால் அது வெறும் ஸ்விட்சிங் (ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது). சரியான சொல்லில் கேட்பவர் முகத்துக்குப் போனால் திட்டமிட்ட ஷாட். பல கேமராக்களில் அவசரமாக எடுப்பதால் லேசான ஃபோகஸ் பிசகை மன்னிக்கலாம், பார்வைத் திசை (யார் யாரைப் பார்க்கிறார் என்பது) குழம்பினால் மன்னிக்கக் கூடாது. விபத்து, கல்யாண எபிசோடுகளில் மயங்காதீர்கள் (பட்ஜெட்டுக்குத் தனி விருது கிடையாது!). ஒரே அறையில் இருவர் பேசும் காட்சிதான் உரைகல். டேடைம் எம்மி (அமெரிக்கப் பகல்நேரத் தொலைக்காட்சி விருது) போல விருது இயக்குநர் குழுவுக்கு என்றால், எபிசோடுக்கு எபிசோடு தரம் சரிகிறதா என்றும் பாருங்கள்.