பேஸ்போலில் பந்து போடுகிறவர் முக்கியமா, அடிக்கிறவர் முக்கியமா?

ஒரு ஆட்டத்தை மட்டும் எடுத்தால் பிட்சர், அதாவது பந்து போடுகிறவர். முழு சீசனையும் எடுத்தால் தராசு அடிக்கிறவர்கள் பக்கம் கொஞ்சம் சாயும். என் கணக்கு இதுதான்.

எனக்கு ஊர் மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாறு. சித்திரை வருடப்பிறப்பு வந்தால் எல்லே ஆட்டம்தான். மூங்கில் தடியும் டெனிஸ் பந்தும். நாங்கள் ஆடிய எல்லேயில் பந்து போடுகிறவர் எங்கள் பக்கத்து ஆள். எனக்கு மச்சான்தான் போடுவான். "இன்னும் கொஞ்சம் உயரமாப் போடுடா" என்றால், அடுத்தது சரியாகத் தொடை மட்டத்துக்கு மிதந்து வரும். பந்து தென்னை மரங்களைத் தாண்டினால் பேர் எனக்கு, மச்சானை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், பேஸ்போலிலும் அடிக்கிறவன்தான் எல்லாம் என்று நினைத்திருந்தேன். (அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் மட்டக்களப்பில் கூடைப்பந்தை நன்றாக வளர்த்துவிட்டுப் போனார்கள். பேஸ்போலையும் வளர்த்திருந்தால் எனக்கு இந்த மயக்கம் வந்திராது.)

பேஸ்போலில் பந்து போடுகிறவர் எதிரணி ஆள். 18.44 மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டரில் வருகிற பந்து ஏறக்குறைய 0.4 வினாடியில் வந்து சேர்ந்துவிடும். வளையுமா, தாழுமா என்று பார்த்து முடிவெடுப்பதும் அதற்குள்தான்.

அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடரை உலகத் தொடர் என்பார்கள். 2014இல் அதன் ஏழாவது ஆட்டம் நமக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் பிறகு தொடங்கியது. பிளேன்டீயோடு போனில் பார்த்தேன். சான் பிரான்சிஸ்கோவின் பிட்சர் மேடிசன் பம்கார்னர் ஐந்தாவது ஆட்டத்தில், ஒரு ஆட்டத்துக்குரிய ஒன்பது இன்னிங்ஸையும் தானே போட்டு முடித்தவர். இரண்டே நாள் ஓய்வோடு திரும்பி வந்து, கடைசி ஐந்து இன்னிங்ஸில் எதிரணி கன்சாஸ் சிட்டிக்கு ஒரு ஓட்டமும் கொடுக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு 3-2 வெற்றி. அந்தத் தொடர் முழுக்க 21 இன்னிங்ஸில் அவர் கொடுத்தது ஒரே ஒரு ஓட்டம்.

சரி, அப்போ பிட்சர்தானே எல்லாம்? அந்த வருட சீசனில் அதே பம்கார்னர் தொடங்கிய ஆட்டங்கள் 33. அணி ஆடியது 162. மிச்சம் 129 ஆட்டத்தையும் அவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருப்பார். நல்ல அடிக்காரன் கிட்டத்தட்ட தினமும் இறங்குவான். ஃபேன்கிராஃப்ஸ் என்ற பேஸ்போல் புள்ளிவிவரத் தளம் வீரர்களின் வெற்றிப் பங்களிப்பை 57க்கு 43 என்று பிரிப்பதை நான் ஏற்கிறேன். 43தான் பிட்சர்களுக்கு. ஆனால் அந்த 57 அடிக்கு மட்டும் இல்லை, தளங்களுக்கிடையே ஓடுவதும் களத்தடுப்பும் அதற்குள் அடக்கம்.

விதியை மாற்றினாலும் தராசு ஆடும். 1968இல் பிட்சர் பாப் கிப்சன், களத்தடுப்புப் பிழையால் வந்தவற்றைக் கழித்தால், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ஓட்டம்தான் கொடுத்தார். அடிக்கிறவர்கள் அவ்வளவு தவித்ததால் அடுத்த வருடமே பிட்சர் நிற்கிற மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள்.

களத்தடுப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பம்கார்னர் வருவதற்கு முன், அதே ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் சான் பிரான்சிஸ்கோ களத்தடுப்பாளர் ஜோ பேனிக் பாய்ந்து விழுந்து பந்தை நிறுத்தி, கையுறையாலேயே பக்கத்துக் களத்தடுப்பாளருக்குத் தட்டிவிட்டார். இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள். பதிவேட்டில் அந்த இரண்டும் பிட்சரின் இன்னிங்ஸ் கணக்கிலும் சேர்ந்தது.