கருந்துளை துப்புகிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் எம்87 விண்மீன்திரளின் படத்தைக் காட்டி, அதன் நடுவில் உள்ள கருந்துளையைப் பற்றியும் அங்கிருந்து பீய்ச்சியடிக்கும் துகள் தாரையைப் பற்றியும் பேசினேன். மழை பிடித்து, கரண்டும் போய், கேள்வி நேரம் பாதியில் நின்றது. சீட்டில் எழுதித் தந்தவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்பாது என்றீர்கள். அப்புறம் அந்தத் தாரை எங்கிருந்து வருகிறது? (படிவம் 4 மாணவி)

உள்ளே விழுந்தது விழுந்ததுதான். தாரை புறப்படுவது வெளியே. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு, காந்தப்புலத்தையும் இழுத்து முறுக்குகிறது. அந்த முறுக்குதான் துகள்களைச் சுழல் அச்சின் இரு பக்கமும் தள்ளிவிடுகிறது. கருந்துளையின் சுழற்சியிலிருந்தே ஆற்றலை எடுக்க முடியும் என்று பிளான்ட்ஃபோர்டு, ஸ்நாயெக் என்ற இரு ஆய்வாளர்கள் 1977-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுருண்டு ஓடும்போது ரேடியோ அலை பிறக்கிறது. ரேடியோ தொலைநோக்கிக்கு எட்டுவது அதுதான். தலைப்பில் நான் ‘துப்புகிறது’ என்றது சும்மா, உன்னைப் படிக்க வைக்க.

மழை தூறினாலே எங்கள் வீட்டு சாட்டிலைட் டிவி நின்றுவிடுகிறது. இந்த விஞ்ஞானிகள் மட்டும் 55 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இருப்பதை எப்படிப் பிடிக்கிறார்கள்? (செம்பனை லாரி ஓட்டுநர்)

அண்ணே, எல்லாம் அலைநீளத்தில் இருக்கிறது. உங்கள் கூரைத் தட்டு பிடிப்பது ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் அலை. அடைமழை அதை விழுங்கிவிடும். ரேடியோ தொலைநோக்கிகள் பிடிக்கும் 20 சென்டிமீட்டர் அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை, பட்டப்பகலிலும் வேலை நடக்கும். ஆனால் 2019-இல் வெளிவந்த எம்87 கருந்துளைப் படம் 1.3 மில்லிமீட்டர் அலையில் எடுத்தது. அதைக் கெடுக்க மழை வேண்டாம், காற்றில் உள்ள ஈரமே போதும். அதனால்தான் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் போனார்கள். துவைத்த துணியே காயாத நம் ஊரில் அது நடக்காது.

இன்னொரு சிக்கல், ரேடியோ அலை நீளமானது என்பதால் ஒற்றைத் தட்டில் படம் மங்கலாகத்தான் விழும். தட்டுகளைத் தூரத் தூர வைத்துப் பதிவுகளைச் சேர்த்தால் கூர்மை கூடும். இந்தியாவில் புனே அருகே இப்படி 45 மீட்டர் அகலத் தட்டுகள் 30 இருக்கின்றன. கருந்துளைப் படத்துக்கோ கண்டங்களையே இணைத்தார்கள். ஒவ்வோரிடத்திலும் அணுக் கடிகார நேரத்தோடு பதிவு செய்து, ஹார்ட் டிஸ்குகளை விமானத்தில் அனுப்பினார்கள். இணையத்தில் அனுப்பக் கட்டுப்படியாகாத அளவு தரவு. 2017 ஏப்ரலில் எடுத்த தென்துருவப் பதிவு, அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. அந்தக் காலத்துத் தோட்டத்து அஞ்சலே தேவலை!

தாரை ஒளியைவிட வேகமாகப் போகிறதாமே? (ஓய்வுபெற்ற கிராணி)

போவதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். தாரையில் ஒரு குமிழ் ஒளியின் 98 சதவீத வேகத்தில், கிட்டத்தட்ட நம்மை நோக்கி, சுமார் 11 பாகை சாய்வில் 10 ஆண்டு வருகிறது என்று வையுங்கள். தான் அனுப்பிய ஒளியையே அது துரத்திக்கொண்டு வருவதால், அந்த 10 ஆண்டுப் பயணம் நம் கண்ணுக்கு 5 மாதத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் பக்கவாட்டில் ஏறக்குறைய 2 ஒளியாண்டு நகர்ந்திருக்கும். கணக்குப் போட்டால் ஒளியைப்போல் 5 மடங்கு! மார்ட்டின் ரீஸ் என்ற பிரிட்டிஷ் வானியலாளர் இதை 1966-லேயே சொல்லிவிட்டார். 1971-இல் 3சி 279 என்ற குவேசாரில் (கருந்துளையால் பிரகாசிக்கும் தொலைதூர விண்மீன்திரள் மையம்) ரேடியோ வானியலாளர்கள் பார்த்தே விட்டார்கள்.

நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா? (பெயர் எழுதவில்லை)

தாரை தெரியாது. சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே சென்டாரஸ் ஏ என்ற விண்மீன்திரள் பைனாகுலரில் மங்கலான திட்டாகத் தெரியும். அதன் தாரைகள் இரு பக்கமும் ஊதிவிட்ட ரேடியோ மடல்கள் கண்ணுக்குத் தெரிந்தால், முழுநிலவு 16-ஐ வரிசையாக வைத்த நீளம் இருக்கும்.

டிசம்பரில் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். அங்கே ஏதோ இருக்கிறதாமே? (ஒட்டுக்கடை அக்கா)

இருக்கிறது, ஒரு ரேடியோ தொலைநோக்கி. இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சரியாக 11 பாகை சாயும் மலைச்சரிவைத் தேடிப் பிடித்து வைத்ததால், அது பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு ரேடியோ மூலத்தை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். நிலா அந்த மூலத்தை மறைக்கும் நொடிகளை அளந்து, மூலத்தின் அளவைக் கண்டுபிடித்தார்கள் அங்கே. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள் அக்கா, ஸ்வெட்டரும் மறக்க வேண்டாம்.