அம்மப்பாவின் சீவுளிக்கு எத்தனை வயது?

கேள்வி: அம்மப்பாவின் தச்சுப் பெட்டியில் 14 அங்குல இரும்புச் சீவுளி ஒன்று இருந்தது. 'பெய்லி', 'நம்பர் 5', 'மேட் இன் யூ.எஸ்.ஏ' என்ற எழுத்துகள் தெரிகின்றன. எந்தக் காலத்தது? எதற்குப் பயன்படும்? அலகு கோணலாகத் தேய்ந்திருக்கிறது, தீட்டி நேராக்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இது அமெரிக்கக் கருவி நிறுவனமான ஸ்டான்லியின் சீவுளி. பெய்லி அதை வடிவமைத்தவர். அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி 1869இலேயே வாங்கிவிட்டது. எனவே பெயரை வைத்து வயதைச் சொல்ல முடியாது. அலகையும் நம்ப வேண்டாம், தேய்ந்தால் முதலில் மாற்றுவது அதைத்தான்.

பார்க்க வேண்டியது வார்ப்பு உடலை. முன்கைப்பிடியின் அடியைச் சுற்றி இரும்பில் வளையம்போல் மேடு இருக்கிறதா? இருந்தால் 1930ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ வந்தது. அலகை அழுத்திப் பிடிக்கும் மூடியில் திருகு நுழையும் துளை சிறுநீரக வடிவமா? அது சுமார் 1933இலிருந்து. அடுத்து, அலகை ஏற்றி இறக்கும் சக்கரம். பெரிய பித்தளைச் சக்கரமாக, விளிம்பில் நேர்க்கோடுகளோடு இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. போர்க்காலத்தில் பித்தளைத் தட்டுப்பாட்டால் சிறிய எஃகு அல்லது கடின ரப்பர்ச் சக்கரம் போட்டார்கள்; போர் முடிந்தபின் சாய்சதுரக் கோடுகள் வந்தன. வளையம், துளை, நேர்க்கோட்டுப் பித்தளை மூன்றும் சேர்ந்தால் 1933க்கும் 1941க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் கதை வேறு, ஸ்டான்லி அங்கே சீவுளி செய்யத் தொடங்கியது 1930களின் பிற்பகுதியில்.

நம்பர் 5 முதற்கட்ட வேலைக்கு. அரிந்த பலகையின் வாள்தடங்களை நீக்கி மட்டத்துக்குக் கொண்டுவரும். கடைசி மினுக்கல் சிறிய நம்பர் 4இன் வேலை. அலகின் விளிம்பு நடுவில் மேடாகவும் இரு ஓரத்திலும் வளைந்து பின்வாங்கியும் இருந்தால் அது தேய்மானமல்ல. தச்சர் வேண்டுமென்றே தீட்டியது, ஓரம் மரத்தில் வரிவரியாகத் தடம் பதிக்காமலிருக்க. நேராக்கிவிடாதீர்கள். ஒரே பக்கமாகச் சரிந்திருந்தால் மட்டும் திருத்துங்கள்: அலகின் சரிவுத் தளம் 25 பாகை, வெட்டும் நுனி மட்டும் 30 பாகை.

துருவுக்கு மண்ணெண்ணெயும் மெல்லிய எஃகுக் கம்பளியும் போதும். கிரைண்டர் கூடவே கூடாது, வார்ப்பெழுத்து அழிந்தால் சான்றும் போய்விடும். கடற்காற்று படும் வீட்டில் துடைத்த கையோடு மெஷின் எண்ணெய் பூசுங்கள்.

திருகு தொலைந்திருந்தால் கடைத் திருகை முறுக்கி ஏற்றாதீர்கள். ஸ்டான்லியின் மரை வழக்கமான அளவில் வராது. வார்ப்பிரும்பின் மரை சிதைந்தால் சரிசெய்வது கடினம்.