நேரில் கூடும் கலந்துரையாடல் குழு சில மாதங்களிலேயே கரைந்துபோவது ஏன்?

ஒரு கலந்துரையாடல் குழுவைத் தொடங்கியதாகவும், முதல் கூட்டத்துக்கு அறை நிறைய ஆள் வந்ததாகவும், பிறகு எண்ணிக்கை தேய்ந்து இப்போது ஐந்தாறு பேர்தான் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். “இந்தக் காலத்து மனிதர்களுக்கு நேரில் கூடுவதில் ஆர்வமே இல்லை” என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். பல ஆண்டுகளாக ஒரு வாசிப்புக் குழுவை நண்பர்களோடு சேர்ந்து நடத்திவருபவன் என்ற முறையில், அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

உங்கள் கூட்டம் எப்படி நடக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனாலும் பெரும்பாலான குழுக்களைப் போலவே மாதம் ஒருமுறை கூடுவீர்கள் என்றும், ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள் என்றும், இறுதியில் நேரம் மிஞ்சினால் கேள்விகளுக்கு இடம் தருவீர்கள் என்றும் எண்ணுகிறேன். அத்தகைய கூட்டத்துக்கு வருபவர் ஒரு நாற்காலியை நிரப்புகிறார், அவ்வளவுதான். அவர் அடுத்த மாதம் வராவிட்டால் எந்த வேலையும் நின்றுவிடுவதில்லை, யாரும் அவரைத் தேடுவதுமில்லை. அது அவருக்கும் தெரியும். ஆகவே மழை பெய்தாலோ, உடம்பு சற்று அசதியாக இருந்தாலோ, அவர் வீட்டிலேயே தங்கிவிடுகிறார். இதை ஆர்வக் குறைவு என்று சொல்வது நியாயமில்லை.

கால இடைவெளியையும் கவனியுங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவர் ஓரளவு பழகிய நண்பர்களாவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருப்பதாகக் கணக்கிட்டார். இதை அளவுகோல் வைத்து அளந்த இயற்பியல் விதிபோல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் கூடினால் ஆண்டுக்கு 24 மணி நேரம். முதல் படியை எட்டவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே இரண்டு மணி நேரம் வாரந்தோறும் கூடினால் ஆறு மாதத்துக்குள் எட்டிவிடலாம். “வாரந்தோறும் யார் வருவார்கள்?” என்று எங்களிடமும் கேட்டார்கள். வாரந்தோறும் கூடத் தொடங்கிய பிறகுதான் வருகை நிலைபெற்றது. ஒரு வாரம் தவறினாலும் அடுத்த வாரம் இருக்கிறது என்ற நம்பிக்கை ஆட்களைத் தக்கவைத்தது.

எங்கள் குழுவின் போக்கை மாற்றிய ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். நாங்கள் கூடும் அறையின் ஓரத்தில் கிழிந்த புத்தகங்கள் ஓர் அலமாரி நிறையக் கிடந்தன. பேசி முடித்த ஒரு மாலையில், அடுத்த வாரம் முதல் அவற்றைச் சரிசெய்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். எங்களில் பெரும்பாலோருக்கு அந்த வேலை தெரியாது. அப்போது, எல்லாக் கூட்டத்துக்கும் வந்து சுவரோரமாக உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடும் பெரியவர் ஒருவர், தமக்குத் தெரியும் என்றார். அவர் நெடுங்காலம் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் அவர் ஊசியும் நூலும் மெழுகுத் துண்டும் கொண்டுவந்தார். புத்தக முதுகில் இறுகிக் கிடந்த பழைய பசையை ஈரத் துணியால் ஊறவைத்து, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் வழித்தெடுத்து, தாள்களைப் பாரம் பாரமாக, அதாவது சேர்த்து மடித்த தாள்கட்டுகளாக, பிரித்து அடுக்கினார். நூலை மெழுகில் இழுத்துவிட்டு, ஒவ்வொரு பாரத்தின் மடிப்பிலும் எங்கே துளையிட வேண்டும், எவ்வளவு இறுக்கினால் தாள் கிழியும் என்று எங்கள் விரல்களைப் பிடித்துக் காட்டினார். கல்லூரியில் பாடம் நடத்திய ஒருவர், வழக்கமாக எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் பேசுபவர், அன்று தம் தையலை மூன்றுமுறை பிரித்துவிட்டு, “ஐயா, இது சரிதானா, பாருங்கள்” என்று அவரிடம் நீட்டினார். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, “கடைசி முடிச்சை மட்டும் மறுபடி போடுங்கள்” என்றார்.

கைகள் வேலையில் இருந்தபோது பேச்சு தானாக வந்தது. எதிரெதிரே உட்கார்ந்து ஒரு தலைப்பில் கருத்துச் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி அங்கே இல்லை. இடையே மௌனம் விழுந்தாலும் யாருக்கும் கூச்சமாக இல்லை. தைத்துக்கொண்டிருந்த புத்தகத்தின் ஒரு பத்தியை யாரோ உரக்கப் படிப்பார், அதிலிருந்து ஒரு விவாதம் கிளம்பும். அந்தப் பெரியவர் அதன் பிறகு எல்லா விவாதங்களிலும் பேசினார். அவரிடம் சொல்வதற்கு அவ்வளவு இருந்தது என்பதை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. பேச்சை மட்டுமே நுழைவாயிலாக வைத்திருக்கும் குழுக்களில் அவரைப் போன்ற எத்தனை பேர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்!

கூடிச் செய்யும் வேலைக்கு இந்த ஆற்றல் உண்டு என்பதற்கு 1954இல் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் சிறுவர் முகாம் ஒன்றில் நடத்திய ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். போட்டிகளால் பகைமை மூண்ட இரண்டு அணிகளை ஒரே இடத்தில் உட்காரவைத்து உணவு கொடுத்தும் படம் காட்டியும் பகை தணியவில்லை. தண்ணீர் வரத்து நின்றுபோனபோது இரு அணியும் சேர்ந்து கோளாறைத் தேட வேண்டியிருந்தது. கிளம்ப மறுத்த லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வேலைகளுக்குப் பிறகே பகை கரைந்தது. அந்த ஆய்வு நடத்தப்பட்ட விதம் பற்றிப் பிற்காலத்தில் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன என்பதை நான் அறிவேன். ஆகவே அதை முடிந்த தீர்ப்பாக முன்வைக்கவில்லை. ஆனால் ஒரே இடத்தில் இருப்பது வேறு, ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுவது வேறு என்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் கலந்துரையாடலே வீண் என்கிறீர்களா?” என்று சிலர் கேட்கக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை. 1727இல் ஃபிலடெல்ஃபியாவில், பின்னாளில் அமெரிக்க அரசியல் தலைவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தொடங்கிய ஜுண்டோ என்ற குழு வெள்ளிக்கிழமைதோறும் கூடி விவாதித்தே பல்லாண்டு நிலைத்தது. ஆனால் அது வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. உறுப்பினர்கள் முறைவைத்துக் கேள்விகளையும் கட்டுரைகளையும் கொண்டுவர வேண்டும். தாம் சொல்வதே சரி என்று அடித்துப் பேசுவதற்கும் நேரடியாக மறுத்துப் பேசுவதற்கும் சிறு அபராதம் உண்டு. தங்கள் நண்பர்களையும் சேர்க்க வேண்டும் என்று சிலர் விரும்பியபோது, பன்னிரண்டு பேர் என்ற வரம்பை மீறாமல், ஒவ்வோர் உறுப்பினரும் தனிக் குழு ஒன்றைத் தொடங்கட்டும் என்றார்கள். 1731இல் சந்தா கட்டி நடத்தும் நூலகம் ஒன்றை ஃபிராங்க்ளின் நிறுவியதற்கும் அந்த நண்பர்களே துணைநின்றார்கள். எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்தது அவர்கள் செய்த மிகச் சரியான காரியம் என்று நினைக்கிறேன். இயல்பான உரையாடல் ஒன்று நான்கு பேர் அளவில்தான் தாங்கும் என்றும், ஐந்தாமவர் சேர்ந்தால் அது இரண்டாகப் பிரியும் என்றும் பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பார் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். முப்பது பேரை வட்டமாக உட்காரவைத்துவிட்டு எல்லோரும் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தால், வாய்ச்சாலகர்கள் மூவர் பேசுவார்கள், மற்றவர்கள் கடிகாரம் பார்ப்பார்கள்.

இடம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. நாங்கள் முன்பு கூடிய அறையின் நிர்வாகி ஒருவர், மேடை போட வேண்டும், பேனர் கட்ட வேண்டும், சிறப்பு விருந்தினரை அழைத்துப் புகைப்படம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அறை தர முடியாது என்றார். பத்துப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து புத்தகம் தைப்பது அவர் பார்வையில் ஒரு நிகழ்ச்சியே இல்லை. பொது மக்களுக்காகக் கட்டப்பட்ட எத்தனையோ அறைகள் மாலை நேரத்தில் பூட்டிக் கிடக்கின்றன. சாவியை வைத்திருப்பவர்களோ விழா நடந்தால் மட்டுமே கதவைத் திறக்கிறார்கள். மனிதர்கள் தனித்துப்போய்விட்டார்கள் என்று அதே ஆட்கள் மேடையில் வருந்திப் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் இந்தச் சிக்கல் வரலாம். நாற்காலிகளை இடம் மாற்றிப்போட அனுமதிக்கும் சிறிய அறை, மேடை உள்ள பெரிய கூடத்தைவிட உங்களுக்கு நன்றாகப் பயன்படும்.

இப்போது உங்களிடம் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். விளம்பரத்தையும் அழைப்பையும் சிலகாலம் நிறுத்திவையுங்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் என்ன கைவேலை தெரியும் என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்பவரிடம் என்ன கற்க ஆசை என்று கேளுங்கள். அதிலிருந்து முடிக்கக்கூடிய ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்: செடி வளர்ப்பதோ, பழுதான மின்விசிறியைப் பிரித்துப் பார்ப்பதோ, ஒரு நாடகத்தை வேடம் பிரித்துப் படிப்பதோ எதுவாகவும் இருக்கலாம். அறையைத் திறப்பது ஒருவர் பொறுப்பு, அடுத்த வாரத் தலைப்பு இன்னொருவர் பொறுப்பு என்று பகிர்ந்துகொடுத்து, மாதந்தோறும் அவற்றை மாற்றுங்கள். ஒருவர் ஒரு வாரம் வராவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக எழுதாமல், நேரடியாக அவரைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் பாதி தைத்த புத்தகம் இங்கே அப்படியே இருக்கிறது” என்பது போல அவருக்கே உரிய ஒன்றைச் சொல்லுங்கள். புதியவர்களை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கள் குழுவில் பிறகு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர், ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஒருவர் கையோடு அழைத்துவந்தவர்களே.