சாலிட் மெக்கானிக்ஸ், மெட்டீரியல்ஸ்ல மேல படிக்க: கேளுங்க, தெரிஞ்சதச் சொல்லுதேன்

நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. பி.இ. திருநெல்வேலில முடிச்சேன், பிஎச்.டி. கண்ணாடி நார் காம்போசிட் (நாரை ரெசின்ங்கிற பசையில இறுக்கின பொருள்) ஃபட்டீக்ல, அதாவது திரும்பத் திரும்ப லோடு ஏறி பொருள் அலுத்து ஒடையுறதுல, இப்பவும் அதே வேலைதான். ஒரு பொருள் எப்படி வளையுது, எங்க விரிசல் விடுது, எப்ப ஒடையுது, இத ஆராய்ச்சியாப் படிக்க என்ன வழின்னு கேளுங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன், சீட் வாங்கித் தாரேன் பேப்பர் போட்டுத் தாரேன்னு காசு கேக்கவன் யாரா இருந்தாலும் ஒத்தப் பைசா கொடுக்காதீங்க.

பாளையங்கோட்டை, பி.இ. கடைசி வருசம்: அக்கா, கேட் எழுத மெக்கானிக்கல் பேப்பரா, எக்ஸ்.இ. பேப்பரா?

கேட்னா எம்.டெக்., பிஎச்.டி. சேர எழுதுற தேசிய நுழைவுத் தேர்வு, எக்ஸ்.இ.ங்கிறது அதுல இஞ்சினியரிங் சயின்ஸ் பேப்பர். அதுல கணக்கு கட்டாயம், அதோட ரெண்டு பிரிவு நாம எடுக்கணும். நம்ம துறைக்கு சாலிட் மெக்கானிக்ஸும் மெட்டீரியல்ஸ் சயின்ஸும் சரியாப் பொருந்தும். ஆனா அரசு நிறுவன வேலைக்கும் ஒரு கண்ணு இருந்தா மெக்கானிக்கல விட்றாத. ரெண்டு பேப்பர் எழுத இப்ப அனுமதி உண்டு, தெம்பு இருந்தா ரெண்டும் எழுது. ஸ்கோர் 3 வருசம் செல்லும்.

அபிஷேகப்பட்டி, எம்.எஸ்சி. பிசிக்ஸ்: இஞ்சினியரிங் படிக்காம இந்தப் பக்கம் வரலாமாக்கா?

தாராளமா வா. உலோகத்துல டிஸ்லொகேஷன் (அணு வரிசையில விழுற பிசகு) எப்படி நகருதுன்னு பாக்கது பிசிக்ஸ்தான். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் ஐஜிகார்ல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ஆட்கள ஜே.ஆர்.எஃப்.னு (உதவித்தொகையோட ஆராய்ச்சி மாணவரா) எடுக்காங்க, சூட்டுல கம்பி மெல்ல மெல்ல நீளுத க்ரீப் வேலைக்கு அது பேர் போன இடம், ஒரே துண்டு வருசக்கணக்குல மெஷின்ல தொங்கும். துருப்பிடிக்கிறதுல ஆசைன்னா காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), கடல் காத்துல உலோகம் என்ன ஆகுதுன்னு பாக்க மண்டபத்துல அவங்களுக்கு ஸ்டேஷனே இருக்கு. இஸ்ரோ ராக்கெட் இஞ்சின் சோதிக்கிற நம்ம மகேந்திரகிரிய எடுத்துக்கோ, கிரையோ இஞ்சினுக்குப் போற திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அந்தக் குளிர்ல சாதா ஸ்டீல் கண்ணாடி மாதிரி நொறுங்கும், ஆஸ்டெனிட்டிக்னு ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கும். காரணம் அணு அடுக்கு. அத நீ எனக்கே சொல்லித் தருவ.

பணகுடி, காத்தாலை மெயின்டனன்ஸ்: நான் டிப்ளமோ மெக்கானிக்கல்க்கா. ஏழு வருசமா இறக்கையில விரிசல் பாக்கது, பேட்ச் போடுறதுதான் வேலை. எனக்கெல்லாம் ஆராய்ச்சின்னு ஒண்ணு உண்டா?

தம்பி, இன்னைக்கு வந்ததிலயே எனக்குப் பிடிச்ச கேள்வி இதான். நான் லேப்ல உக்காந்து பாத்தத நீ கயித்துல தொங்கித் தொட்டுப் பாத்திருக்க. ஒரு கணக்குச் சொல்லுதேன். நிமிசத்துக்கு 15 சுத்துன்னா நாளைக்கு 21,600 சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் இறக்கை ஏறும்போது அதோட சொந்த எடை ஒரு பக்கமா வளைக்கும், எறங்கும்போது மறுபக்கமா வளைக்கும், காத்து தள்ளுறது தனி. வருசத்துல பாதி நாள் நின்னாக்கூட 20 வருசத்துல ஏழரைக் கோடி தடவைக்கு மேல வருது. ஸ்டீலுக்கு இந்த லோடுக்குக் கீழன்னா ஒடையாதுன்னு ஒரு எல்லை சொல்லலாம், கண்ணாடி நாருக்கு அப்படித் தெளிவா ஒண்ணும் கிடையாது, முதல்ல ரெசின்ல மயிர் மாதிரி கோடு விழும், பிறகு லேயர் பிரியும், கடைசிலதான் நார் அறும். இத லேப்ல சீக்கிரம் ஓட்டிப் பாப்போம்னா துண்டு சூடாயிரும், அதனால செகண்டுக்கு 5 தடவை மாதிரிதான் ஆட்டணும், 10 லட்சம் முடிய 55 மணி நேரம், ஒரு கோடின்னா 23 நாள். இப்ப புரியுதா, ஆடிக் காத்துல ஓடின நிஜ இறக்கைய ஏழு வருசம் பாத்த கண்ணுக்கு என்ன மதிப்புன்னு.

வழி என்னன்னா, டிப்ளமோவுக்கு பி.இ. ரெண்டாம் வருசத்துல நேரடியாச் சேரலாம். வேலைய விட முடியாதுன்னா அரசு காலேஜ்ல பார்ட் டைம் பி.இ. பாரு. அதுக்குப் பிறகு கேட். அதுவரைக்கும் ஒரு நோட்டு போடு: இறக்கை வேர்லருந்து (நடுவுல மாட்டியிருக்க முனை) எத்தனை மீட்டர், எந்தப் பக்கம், கோடு எந்தத் திசையில போவுது, காசு வச்சுத் தட்டினா ணங்குன்னு வருதா தொப்புன்னு வருதா. லேயர் பிரிஞ்ச இடம் தொப்புன்னுதான் கேக்கும். கம்பெனி தகவல அனுமதி இல்லாம யாருக்கும் கொடுத்திராத.

வள்ளியூர், பி.இ.: மாசம் எவ்ளோ தருவாங்க?

ஜே.ஆர்.எஃப். முதல் ரெண்டு வருசம் 37,000, பிறகு 42,000. 2023 ஜனவரிலருந்து இதான். வீட்டு வாடகைப்படி தனி.

திருநெல்வேலி டவுன்: தட்டிப் பாக்கதுன்னதும் கேக்கேன், நெல்லையப்பர் கோயில் இசைத் தூணும் உள்ள பொள்ளலா இருக்கதாலதான சத்தம் வருது?

இல்ல அண்ணாச்சி, கெட்டிக் கல்லுதான். தட்டினா அந்தச் சின்னத் தூண் வில்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு அதிருது, அந்த அதிர்வுதான் காதுல விழுது.

திருநெல்வேலி டவுன்: எங்க தாத்தா சொல்லுவாவ பொள்ளல்னு. கெட்டிக் கல்லுன்னா எல்லாம் ஒரே சத்தம்லா வரணும்?

சேரன்மகாதேவி: நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கேன்.

தாத்தா சொன்னத மரியாதையாக் கேட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு யோசிங்க, பெரிய தூணும் சுத்தி நிக்கிற சின்னத் தூண்களும் ஒரே கல்லு, ஒவ்வொண்ணும் மேலயும் கீழயும் தாய்க்கல்லோட ஒட்டி நிக்கி, உள்ள குடைய உளி எந்த வழியாப் போகும்? சத்தம் வேற வேறயா வரக் காரணம் அளவு. வளைஞ்சு அதிருற தூணுக்கு கனம் கூடினா சுருதி அதே விகிதத்துல ஏறும், நீளம் ரெண்டு மடங்கானா சுருதி நாலுல ஒரு பங்கா எறங்கும். ஒரு மீட்டர் தூண்ல ஒரு ஸ்வரஸ்தானம் ஏத்த நீளத்துல 3 சென்டிமீட்டர் குறைச்சாப் போதும். அதே அளவுத் தூணை உள்ள பொள்ளலாக்கினா சுருதி கொஞ்சம் ஏறுமே தவிர, பாட்டு அதனால வரல. ஹம்பி விட்டலர் கோயில் தூண்கள கல்பாக்கம் விஞ்ஞானிகள் அல்ட்ராசவுண்ட் எல்லாம் வச்சு ஆராய்ஞ்சு 2008ல வெளியிட்டாங்க, அங்கயும் கெட்டிக் கல்லு, வளையுற அதிர்வுதான். நம்ம தூணுக்கும் யாராவது உக்காந்து ஒவ்வொண்ணா அளக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அந்தச் சிற்பி கல்லத் தட்டித் தட்டிக் கேட்டுத்தான் செதுக்கியிருக்கணும். தயவு செஞ்சு சாவி, கல்லு வச்சுத் தட்டாதீங்க, கல்லுக்கும் விரிசல் விழும்.

தென்காசி, எம்.இ. ஸ்ட்ரக்சுரல்: கேட் இல்லாம ஐஐடில பிஎச்.டி. முடியுமா?

எம்.இ. இருந்தா பல டிபார்ட்மென்ட்ல கேட் கட்டாயம் இல்ல, எழுத்துத் தேர்வும் இன்டர்வியூவும் வச்சு எடுப்பாங்க. உங்களுக்கு தரமணில கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையம் எஸ்.இ.ஆர்.சி.யும் நல்ல இடம்.

நாங்குநேரி: கேட் இல்லாம ஐஐடி கிடைக்குமா மேடம்?

இப்பத்தான் சொன்னேன், மேல பாருங்க.

களக்காடு, பி.இ. மூணாம் வருசம்: காத்தாலை இறக்கைய ஆன்சிஸ் சாப்ட்வேர்ல போட்டு ஸ்ட்ரெஸ் கலர் படம் எடுத்தாச்சு. 8,000 கட்டினா ஒரு வாரத்துல ஜர்னல்ல வந்துரும்னு சொல்லுதாங்க.

கட்டாத. ஒரு வாரத்துல எந்த ஆராய்ச்சியாளரும் ஒழுங்காப் படிச்சு விமர்சனம் எழுத முடியாது, பிறகு இன்டர்வியூல அந்தப் பேப்பரே உன்ன மாட்டி விட்ரும். நானும் படிக்கும்போது ஒருத்தர்ட்ட இப்படிப் பணம் கட்டி ஏமாந்தவதான், அந்தப் பேப்பர இன்னைக்கும் என் பயோடேட்டாவுல போடல. கலர் படம் மட்டும் ஆராய்ச்சி ஆகாது. மெஷ்ஷ, அதாவது கணக்குக்காகப் பிரிச்ச சின்னச் சின்னக் கட்டத்த, ரெண்டு மடங்கு நுணுக்கமாக்கு, ஸ்ட்ரெஸ் மாறுதான்னு பாரு. கூர்மையான மூலையில அது ஏறிக்கிட்டே போகும், அந்த நம்பர நம்பாத. திருட்டு சாப்ட்வேர் வேண்டாம், கால்குலிக்ஸ் இலவசம். அந்த 8,000த்துல கொஞ்சம் எடுத்து துண்டு வெட்டி காலேஜ் மெஷின்லயே இழுத்து ஒடை. மூணு அறிவியல் அகாடமி சேர்ந்து நடத்துற கோடைக்கால ஃபெல்லோஷிப்புக்கும் போடு, ரெண்டு மாசம் நல்ல லேப்ல இருக்கலாம்.

அம்பாசமுத்திரம்: ஜெர்மனி போக ஏஜென்ட்டு ஒண்ணரை லட்சம் கேக்காரு.

வேண்டாம். அங்க பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலை, விளம்பரம் போடுவாங்க, நீங்களே நேரா விண்ணப்பிக்கலாம். டுசல்டார்ஃப் மாக்ஸ் பிளாங்க்ல மெட்டீரியல்ஸுக்குன்னே ஒரு இன்ஸ்டிடியூட் இருக்கு, அங்கருந்து தொடங்குங்க.

முக்கூடல்: ஸ்டைபண்ட் எவ்ளோ?

மேல இருக்கு. இனிமே இதுக்குப் பதில் எழுத மாட்டேன்.

பணகுடி, காத்தாலை மெயின்டனன்ஸ்: அக்கா, கடைசியா ஒண்ணு. போன சீசன்ல ஒடைஞ்ச போல்ட் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, தூக்கிப் போடச் சொன்னாங்க, மனசு வரல.

போட்றாத! ரெண்டு துண்டையும் ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாக்காத, தடம் நசுங்கிரும். ஒடைஞ்ச முகத்துல விரல் வைக்காத, தண்ணி, கம்பி பிரஷ் எதுவும் படக் கூடாது. தனித்தனி கவர்ல, செருப்பு டப்பாவுல வருமே அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சுற பாக்கெட் போட்டுக் கட்டி வை. முதல்ல டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சு ஒரு போட்டோ எடு. ஆத்து மணல்ல தண்ணி வத்தினா வரி வரியா இருக்கும்லா, ஃபட்டீக்ல ஒடைஞ்சதுக்கு அடையாளமா அந்த மாதிரி கோடு தெரியுதான்னு பாத்துச் சொல்லு, எந்த ஓரத்துலருந்து ஆரம்பிக்குதுன்னும் சொல்லு.