பழைய லேண்ட் க்ரூசரில் வி8 எஞ்சின் பொருத்த முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் விற்ற 1985 டொயோட்டா லேண்ட் க்ரூசர் எஃப்ஜே60-இல் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) நிறுவனத்தின் 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் பொருத்தலாமா?

தாராளமாக. அதில் வந்த 4.2 லிட்டர் 2எஃப் எஞ்சின் நல்ல உழைப்பாளி. ஆனால் சுமார் 135 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு, பிள்ளைகளும் சாமான்களுமாக மலையேறினால் மூச்சு வாங்கும். 5.3 ஏறக்குறைய இரண்டு மடங்கு தரும்.

புது எஞ்சினை உள்ளே இறக்குவது பெரிய விஷயமில்லை; சிக்கல் அதற்குப் பின்னால்தான். வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் முன், பின் டிஃபரன்ஷியல் இரண்டும் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பகிரும் பெட்டி) வரும் தண்டுகளும் அதே வரிசையில்தான் ஓடும். ஆகவே டொயோட்டாவின் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றி எறியாதீர்கள். ஜிஎம் கியர்பாக்ஸை அதோடு இணைக்க அடாப்டர் (இணைப்புத் துண்டு) கிடைக்கிறது. விலை கொஞ்சம் கடிக்கும்தான், ஆனால் இங்கே கஞ்சம் பிடிக்கக் கூடாது.

அப்புறம் பெட்ரோல். பழைய எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குச் சில பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அழுத்தமே போதும்; பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் 5.3-இன் இன்ஜெக்‌ஷனுக்கு 58 பிஎஸ்ஐ அளவுக்கு வேண்டும். பம்ப், குழாய் எல்லாம் புதிது. ரேடியேட்டரையும் பிரேக்கையும் சேர்த்தே பாருங்கள்.

கலிஃபோர்னியா என்றால், எஞ்சின் வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக, தனக்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அத்தனையோடும் இருக்க வேண்டும். எனவே எஞ்சினை மட்டும் தனியாக வாங்காமல், வயரிங், கணினியோடு அது இருக்கும் வண்டியையே முழுதாக வாங்கிவிடுங்கள்.